எக்சோசோமின் மேல் எதிர்ப்பொருள் இருப்பதை உறுதி செய்வது எப்படி?

செல்கள் வெளியிடும் நுண்குமிழ்களில் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ளவை எக்சோசோம்கள். நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் மேலுள்ள சிடி3 புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) துண்டையும், புற்றுச்செல்லின் இஜிஎஃப்ஆர் ஏற்பியைப் பிடிக்கும் துண்டையும் ஒரே எக்சோசோமின் சவ்வில் பதித்து, டி செல் புற்றுச்செல்லைத் தாக்கும்படி இரு செல்களையும் நெருங்கச் செய்யும் முறையைத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்டனர். இத்தகைய குமிழைத் தயாரிக்க முற்படுவோர், கிடைக்கும் பலன் குமிழிலிருந்து வருகிறதா, அதனுடன் கலந்திருக்கும் தனி எதிர்ப்பொருளிலிருந்து வருகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

குமிழ் தரும் செல்களைச் சீரம் (இரத்தத் தெளிநீர்) இல்லாத ஊடகத்தில் வளர்ப்பதே நல்லது. அதிவேக மையவிலக்கத்தால் குமிழ் நீக்கிய கன்றுச் சீரத்திலும் மாட்டு எதிர்ப்பொருள்கள் கரைந்தபடியே எஞ்சியிருக்கும். செல்களையும் சிதைவுகளையும் 300, 2,000, 10,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) விசைகளில் படிப்படியாக நீக்கிய பின், 1,00,000 ஜி விசையில் குமிழ்களைப் படிய வைக்கலாம். ஆனால் புரதத் திரட்சிகளும் உடன் படியும் என்பதால், அந்த வீழ்படிவை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் கூடாது. வீழ்படிவை அயோடிக்சனால் என்னும் வேதிப்பொருளின் கரைசல்களை அடர்த்தி வாரியாக அடுக்கிய படிநிலையின் அடியில் இட்டு மீண்டும் சுழற்றினால், கொழுப்புச் சவ்வுள்ள குமிழ்கள் மேலெழும். புரதத் திரட்சிகள் பெரும்பாலும் அடியிலேயே தங்கும். மிதந்த அடுக்கில் எதிர்ப்பொருளோடு எக்சோசோமின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 ஆகியவை இருக்கின்றனவா, செல்லின் உட்சவ்வுகள் கலந்திருப்பதைக் காட்டும் கால்நெக்சின் புரதம் இல்லாதிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த சோதனையை நான் தவிர்க்க முடியாததாகவே கருதுகிறேன். மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் புரதத்தைச் சிதைக்கும் நொதியான டிரிப்சினும், மூன்றாவதில் டிரிப்சினோடு சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்டும் சேர்க்க வேண்டும். இரண்டாவதில் எதிர்ப்பொருள் அழிந்து, குமிழின் உள்ளிருக்கும் டிஎஸ்ஜி101 புரதம் தப்பியிருக்க, மூன்றாவதில் இரண்டும் அழிந்தால், எதிர்ப்பொருள் குமிழின் வெளிப்புறத்தில் உள்ளது எனலாம். வெளியே ஒட்டியிருப்பதையும் சவ்வில் ஊன்றியிருப்பதையும் இச்சோதனை வேறுபடுத்தாது. அதற்கு, சவ்வில் ஊன்றும் பகுதி இல்லாத அதே எதிர்ப்பொருளைச் சாதாரணக் குமிழ்களுடன் கலந்து, அதே முறையில் பிரித்து ஒப்பிட வேண்டும்.

டி செல் சோதனையில் எதிர்ப்பொருளற்ற குமிழ், சம அளவு தனி எதிர்ப்பொருள், இரண்டின் கலவை ஆகிய மூன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். குமிழ் தரும் செல்லையும் கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்ச் செல்களின் எக்சோசோம்கள் பிடி-எல்1 புரதத்தைச் சுமந்து டி செல்களை அடக்குவதாகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டியது. ஆகவே, புற்றுச்செல்லிலிருந்து குமிழ் எடுப்போர் அப்புரதத்தை அளந்த பின்னரே டி செல்களுடன் சேர்க்க வேண்டும்.