ஒளியைக் கற்க நூல் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஓவியத்தில் ஒளியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர் பெரும்பாலும் வாங்கி வருவது வண்ணச் சக்கரத்தை விளக்கும் நூலைத்தான். எந்த நிறத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று அது சொல்லும். சூரியன் எழுந்த சற்று நேரத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் ஒரு முகம் ஆரஞ்சாகவும் நிழல் விழுந்த முகம் நீலச் சாம்பலாகவும் இருப்பது ஏன் என்று சொல்லாது. வெயில் படாத பாறைக்கு வெளிச்சம் தருவது வானம். நீலம் அங்கிருந்து வருகிறது. வாங்குமுன் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். விழுநிழல் (ஒரு பொருள் வேறொன்றின் மேல் வீழ்த்தும் நிழல்), எதிரொளி (பக்கத்துப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்), மேகமூட்ட வெளிச்சம், விளக்கொளி ஆகியவற்றுக்கு இடமே இல்லையென்றால் அது நிறத்தைப் பற்றிய நூல், ஒளியைப் பற்றியது அல்ல.

படிப்படியாகப் பார்த்து வரையச் சொல்லும் நூல்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த ஒரு படம் வரும்; அடுத்தது வராது.

பெரிய சறுக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் நல்ல நூல்களில் பல, நாற்பது பாகை அட்சரேகைக்கு மேலே வாழ்ந்தவர்கள் எழுதியவை. அங்கே சூரியன் ஒருபோதும் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவதில்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறக்குறைய பன்னிரண்டு பாகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடுகிறது. கண்குழிகள் இருண்டுபோகும்; தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையின் அடிப்பக்கத்தைத் துலக்கும். நிழலில் கொஞ்சம் ஊதா சேருங்கள் என்று பக்குவம் மட்டும் சொல்லும் நூல் இங்கே கைவிட்டுவிடும்.

காரணம் சொல்லும் நூல் அப்படிக் கைவிடாது. நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கில் இயற்கைக் காட்சிகள் தீட்டியவர் ஜான் கார்ல்சன். வானம் மிக வெளிச்சமானது, அடுத்தது சமதரை, பிறகு சரிவு, நிமிர்ந்து நிற்கும் மரம் எல்லாவற்றிலும் இருண்டது என்று அவர் வரிசை வைத்தார். ஒரு பரப்பு வானத்தை நோக்கி எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவு ஒளி பெறும் என்பதுதான் அதன் அடிப்படை. அது விளங்கிவிட்டால், காலைச் சாய்வெயில் நேராகப் படும் சுண்ணாம்பு பூசிய சுவர் தரையைவிடப் பளிச்சென்று இருப்பதையும், அந்த வரிசை அங்கே ஏன் புரண்டுபோகிறது என்பதையும் நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

ஜேம்ஸ் கர்னி 2010-இல் வெளியிட்ட ‘கலர் அண்ட் லைட்’ நூலை முதலில் வாங்கச் சொல்வதும் இதனால்தான். டைனோசர்களை வரைகிற மனிதர் அவர். எதிரே நிறுத்திப் பார்க்க வழியில்லாத உருவத்தின் மேல் வெயில் எப்படி விழும் என்று யோசித்தே வரைந்தாக வேண்டும். ஆகவே ஒளியின் நடத்தையை விளக்காமல் அவரால் நகர முடியாது.

ஓவிய அலமாரியோடு தேடலை நிறுத்திக்கொள்வதும் தவறு. பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய மின்னார்ட் என்ற வானியலாளர் திறந்தவெளி ஒளியைப் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, மர நிழலில் தெரியும் ஒளிவட்டங்களைப் பற்றிப் பேசுகிறார். மாந்தோப்பில் நாம் தினம் மிதித்துச் செல்லும் அந்த வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள். இலைகளுக்கு இடையிலான சிறு துளை எந்த வடிவில் இருந்தாலும் அவை வட்டமாகத்தான் விழும்; வெயில் சாய்ந்திருந்தால் நீள்வட்டமாகும். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் ஒளியியல் பாடத்தில் ஒளிச்சிதறல் இருக்கிறது. தொலைவு மலை நீலமாவதற்கு அதுவே போதும். எவர்சில்வர் குடம் எங்கே மின்னும் என்று அறிய ஒளிப்படக்காரர்களுக்கான விளக்கமைப்பு நூல்கள் ஓவிய நூல்களைவிடத் தெளிவாக இருக்கின்றன.

கடைசியாக, நகல் பிரதி. மலிவாகக் கிடைக்கிறதென்று சாம்பல் படர்ந்த அச்சை வாங்காதீர்கள். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையில் உள்ள படிகள்தான் பாடமே. நகலெடுப்பில் முதலில் அழிவதும் அவைதான். பெங்களூரு சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்வரலாம். படப் பக்கங்களைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். காசு செலவழிக்காமல் தொடங்க விரும்பினால், ஹரால்டு ஸ்பீடு 1913-இல் எழுதிய ஓவியப் பயிற்சி நூல் குட்டன்பர்க் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கிறது. வண்ண நூல்களைக் கைப்பேசியில் படிப்பதானால் இரவுநேர மஞ்சள் திரையை அணைத்துவிடுங்கள்.