ஊட்டி சீசனுக்கு முன்: கோவைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் காரில் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடியேறுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பழைய கார்தான். பங்குனி வெயில் ஏறியதும் வீட்டில் ஊட்டி, வால்பாறைப் பேச்சு கிளம்பிவிடும். நீங்கள் இருந்த ஊரில் சோதனை நிலையத்தில் தேறாமல் பழைய வண்டியின் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. இங்கே சொந்தக் காருக்கு 15 வருடம் வரை சோதனை என்று கேட்பது புகைச் சான்று மட்டுமே. பிரேக் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

காகித வேலை சுலபம். ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சுங்கச்சாவடிக்கு பாஸ்டேக். பழைய வண்டி என்றால் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற, வாங்கிய 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. கிளம்புமுன் அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.

இனி முக்கியமானது, பிரேக் ஆயில். சர்வீஸ் பில்லில் "பிரேக் ஆயில் டாப்-அப்" என்று இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். மேலே ஊற்றி நிரப்பினால் தேய்மானம்தான் மறைந்துபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயிலின் தரம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடு ஆயிலுக்கு ஏறும், கொதித்து நீராவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

டப்பாவைத் திறந்து பாருங்கள். புது ஆயில் வெளிர் மஞ்சள். டீ நிறத்துக்கு வந்திருந்தால் காலம் கடந்துவிட்டது. இரண்டு வருடம் ஆகியிருந்தாலோ, எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாவிட்டாலோ முழுசாக மாற்றுங்கள். பட்டறையில், "அண்ணா, டாப்-அப் வேண்டாமுங்க, நாலு வீல்லயும் ப்ளீட் பண்ணி முழுசா மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். மூடியில் போட்டிருக்கும் ரகத்தில் சீல் உடைக்காத பாட்டிலாக ஒரு லிட்டர் போதும். பாதி உபயோகித்துத் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்ற விடாதீர்கள், அதிலும் ஈரம் ஏறியிருக்கும். பக்கத்திலேயே நில்லுங்கள். ப்ளீட் என்றால் ஒவ்வொரு வீலிலும் உள்ள நிப்பிள் வழியாகப் பழைய ஆயிலை வெளியேற்றுவது. நிப்பிளில் மாட்டிய குழாயில் பழுப்பு போய்த் தெளிவாக, குமிழில்லாமல் வரும் வரை விடணும். வீல் கழற்றிய கையோடு பேட் கனத்தையும் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். நம்ம ஊர் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள், கேட்டால் ஒழுங்காகச் செய்து தருவார்கள்.

ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்திலும் 'டி'யிலேயே விட்டுவிடுகிறார்கள். தவறு. ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும் மேனுவல் கியர்பாக்ஸ்) என்றால் 'எம்'முக்கு மாற்றி இரண்டாம் கியர். மற்றவற்றில் 'எல்' அல்லது '2'. ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைப்பதும் வேண்டவே வேண்டாம். அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியிலுள்ள திம்பத்தில் 27. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. நீலகிரிப் பதிவு இல்லாத வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. மேப் காட்டுகிறதே என்று அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் தயாரான தேதியைக் காட்டும் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டினால் பட்டன் (ரோட்டில் பதியும் மேற்பகுதி) நன்றாக இருந்தாலும் மலைக்கு வேண்டாம். காற்றைக் காலையில், டயர் சூடாகுமுன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஆகாது. இங்கே உப்பு அதிகம், உள்ளே படிந்து அடைக்கும். கலந்தே வரும் கூலன்ட் ஊற்றுங்கள். கோடை மழைக்கு வைப்பர் ரப்பர் மாற்றிவிடுங்கள்.

இறங்கும்போது கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, வீல்களுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். ஆறியும் பெடல் பஞ்சு போல் அமுங்கினால் அங்கிருந்து ஓட்டாதீர்கள், ஊட்டி ரோடு என்றால் அடிவாரத்து மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.