ஊர்க்காரர் கொடுக்கும் பொட்டலமும் மற்ற தவறுகளும்

பர்ஸை உள்பையில் வை, நகையைப் போட்டுக்கொண்டு திரியாதே என்பதெல்லாம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டிலேயே கற்றுக்கொள்வது. அதை விடுங்கள். டெல்டாவிலிருந்து ஆட்களை வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துப் போகிறவன் நான். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தப்புகளையே புதிதாகக் கிளம்புகிறவர்களும் செய்கிறார்கள்.

அடுத்தவர் பொட்டலம்

இது மட்டும் இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்புகிறது. திருச்சி ஏர்போர்ட் வாசலில் ஒரு அத்தை நிற்பார். "தம்பி, முறுக்குதான். துபாய்ல என் மகன் வந்து வாங்கிப்பான்." நீடாமங்கலத்துப் பையன் ஒருவன் மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கிவிட்டான். வரிசையில் நிற்கும்போதே பிரிக்கச் சொன்னேன். முறுக்குக்கு அடியில் பெயர் கிழிந்த மாத்திரை அட்டை; ஒரு கவரில் கால் கிலோ கசகசா. வெளியே அத்தை இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்.

நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்து கலந்த மாத்திரை என்றால் அங்கே முன்அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை வரை போகும். பை உங்களுடையது என்றால், உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றுதான் அங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அத்தை நல்ல மனசோடு கொடுத்தார் என்று கோர்ட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. "கூரியர்ல போடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்தில் சமாதானம் ஆகிவிடுவார்.

சுற்றுலா விசாவில் வேலை

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்பார்கள். கொண்டுபோய் இறக்குவது மியான்மரின் மியாவடியில், ஆன்லைன் மோசடிக் கூடாரத்தில். கிளம்பாதீர்கள்.

ஆற்று நீச்சல்

வெண்ணாற்றில் மதகிலிருந்து குதித்தவன் என்ற தெம்பில் பாலியில் கடலுக்குள் இறங்குகிறார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்காதீர்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரையைப் பாருங்கள்.

தரை ஆடினால்

கடலோரத்தில் பலமாகவோ நெடுநேரமோ தரை ஆடினால் சுனாமி சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். கடல் உள்வாங்கினாலும் அப்படித்தான். முதல் அலை போனதும் இறங்கி வரவே கூடாது. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்துக் கரைக்கு வந்தது ஒரே ஒரு அலை இல்லை.

பாஸ்போர்ட்

வாடகை பைக்குக்கு ஈடாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸில் புகார். அந்த நகலோடு இந்தியத் தூதரகம் போனால், ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள்.