வந்த வாசகர் மறுபடி வர: சொந்தத் தளத்தில் எழுதுபவர்களுக்கு

இணையத்தில் சொந்தத் தளம் வைத்துத் தனியாக எழுதிவருபவர், இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையும், வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்ற கணக்கையும் முதலிலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் கணக்கு தேடுபொறியின் தயவிலும், யாரோ ஒருவர் இணைப்பைப் பகிர்ந்த தற்செயலிலும் ஏறி இறங்கும். இரண்டாவது மெதுவாகத்தான் ஏறும். ஆனால் அதைக் கூட்டுவது பெரும்பாலும் எழுதுபவரின் கையில் இருக்கிறது. ஆயிரம் பேர் ஒருமுறை வந்துபோவதைவிட ஐம்பது பேர் ஆண்டு முழுவதும் உடன்வருவதே தனி எழுத்துக்கு உயிர் என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே ஏற்கெனவே வந்துவிட்டவர் மறுபடி வருவதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

வருகைக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பல புள்ளிவிவரக் கருவிகள் வாசகரின் உலாவியில் வைக்கப்படும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பைக் கொண்டே பழைய வாசகரை அடையாளம் காண்கின்றன. ஒரே வாசகர் காலையில் கைபேசியிலும் இரவில் கணினியிலும் படித்தால் இரண்டு பேராகப் பதிவாவார். குக்கியை அழித்துவிட்டால் மறுபடி புதியவராகிவிடுவார். எனவே திரும்பி வருபவர்களின் உண்மையான எண்ணிக்கை, கருவி காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்புண்டு. அந்த எண்ணை நாள்தோறும் பார்த்து மனம் தளராமல், மாதம் ஒருமுறை பார்த்து, அதன் போக்கை மட்டும் கவனித்தால் போதும்.

இனி எழுத்துக்கு வருவோம். "ஒரே துறையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்" என்று பொதுவாக அறிவுரை சொல்லப்படுகிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தோட்டம், பயணம், படித்த புத்தகம் என்று பலவற்றையும் எழுதுபவருக்குக்கூட நிலையான வாசகர்கள் அமைகிறார்கள். ஏனெனில் அவர்கள் தேடி வருவது அந்த எழுத்தாளர் ஒன்றைப் பார்க்கும் விதத்தை. ஆனால், இங்கே வந்தால் என்ன கிடைக்கும் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "என் தளத்துக்கு வருபவருக்கு இது கிடைக்கும்" என்ற ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் வாசகராலும் அதை ஊகிக்க முடியாது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். மிதிவண்டி பழுதுபார்ப்பதைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிதிக்கும்போது செயின் நழுவுகிறதே என்று தேடுபொறியில் தட்டிய ஒருவர் அவருடைய பக்கத்துக்கு வந்து சேர்கிறார். "செயின் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வாசகர் பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எழுதியவர் யார் என்பதுகூட அவர் மனதில் நிற்காது. அதற்குப் பதிலாக, புதிய செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் இருபத்து நான்காவது இடைவெளி சரியாக 12 அங்குலத்தில் முடியும் என்றும், அதே தூரம் 12 1/16 அங்குலத்தை எட்டும்போதே செயினை மாற்றிவிடுவது நல்லது என்றும், விட்டுவைத்தால் நீண்டுபோன செயின் பல்சக்கரத்தின் பற்களையும் தேய்த்துவிடும், அதன் பிறகு புதுச் செயின் போட்டாலும் அது அந்தப் பற்களில் சரியாக உட்காராமல் நழுவும் என்றும் எழுதியிருந்தால், வாசகர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு தன் வண்டியின் பக்கத்தில் போய் உட்காருவார். தான் அளந்தது சரியாக வந்த நொடியில் எழுதியவர் மீது அவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்தக் கட்டுரையின் முடிவில், "பற்கள் தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத் தனியாக எழுதியிருக்கிறேன்" என்று ஓர் இணைப்பும் இருந்தால், ஒரு கேள்வியோடு வந்தவர் இரண்டாவது கட்டுரையையும் படித்துவிட்டுத்தான் போவார்.

இங்கே நடந்தது என்ன என்பதைக் கவனியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது. வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி கொடுக்கப்பட்டது. அடுத்து எழக்கூடிய கேள்வி முன்கூட்டியே ஊகிக்கப்பட்டது. கவிதை ரசனையை எழுதினாலும், பிள்ளை வளர்ப்பை எழுதினாலும் இந்த மூன்றையும் செய்ய இடமுண்டு. நீங்கள் நேரடியாகக் கண்டதையும் செய்ததையும் எழுதும்போது இவை தாமாகவே அமையும். பத்துப் பக்கங்களைப் படித்துத் தொகுத்து எழுதும்போது பெரும்பாலும் அமையாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: வேலை நெருக்கடியும் உடல்நலக் குறைவும் சேர்ந்து வரும் மாதத்திலும் உங்களால் தவறாமல் எழுத முடிகிற அளவே உங்கள் அளவு. அது மாதம் ஒரு கட்டுரையாக இருந்தாலும் குறைவில்லை. தொடங்கும் உற்சாகத்தில் நாளுக்கொன்று எழுதிவிட்டு இரண்டாம் மாதம் காணாமல் போவதுதான் வாசகரைக் கைவிடுகிறது. தளத்தைத் திறப்பதற்கு முன்பே நான்கைந்து கட்டுரைகளை முடித்துக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட இடைவெளி விட நேர்ந்தால், எப்போது திரும்புவீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் எழுதாமல் இருந்ததற்கான விளக்கத்தில் பக்கங்களை நிரப்பாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், புதிய கட்டுரை வந்திருப்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை என்றால் அவர் மறந்துபோவார். அதற்காகச் சமூக ஊடகத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது. உங்களைப் பின்தொடர்பவர்களில் யாருக்கு உங்கள் பதிவைக் காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் அல்காரிதம் தீர்மானிக்கிறது. அந்த நிறுவனமே கடையை மூடவும் கூடும். கூகுள் நடத்திய சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019இல் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டபோது, அங்கே வட்டங்கள் அமைத்து வாசகர்களைச் சேர்த்திருந்தவர்கள் வேறு இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு தளத்தில் வரும் புதிய கட்டுரைகளை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடை 1999இல் உருவானது; அதன் கதை வேறு. அதைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் ஓடை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்பதால், வாசகர்கள் தாங்கள் பின்தொடரும் தளங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்கு மாற முடிந்தது. எனவே உங்கள் தளத்தில் ஓடை இயங்குகிறதா என்று பாருங்கள். அதில் கட்டுரையின் முதல் பத்தியோடு நிறுத்தாமல் முழுக் கட்டுரையையும் கொடுங்கள். ஓடை மூலம் படிப்பவர் உங்களைத் தாமாகத் தேடிச் சேர்த்துக்கொண்டவர், அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

மின்னஞ்சல் வழி இன்னும் எளியது. ஏனெனில் அதைப் பயன்படுத்தத் தெரியாத வாசகர் அரிது. கட்டுரையின் முடிவில், படித்து முடித்தவரின் கண்ணில் படும் இடத்தில், வாசகர் தம் மின்னஞ்சல் முகவரியைத் தருவதற்கான ஒரு பெட்டியை வையுங்கள். பக்கம் திறந்தவுடன் எழுத்தை மறைத்துக்கொண்டு குதிக்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். ஒரு வரிகூடப் படிக்காதவரிடம் முகவரி கேட்பது முறையன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை அஞ்சல் வரும் என்பதை அங்கேயே சொல்லுங்கள். விலக விரும்புபவர் ஒரே சொடுக்கில் விலக வழி இருக்கட்டும். பெருமளவில் அஞ்சல் அனுப்புபவர்களுக்கு ஜிமெயிலும் யாகூவும் 2024 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. முகவரிப் பட்டியலை அவ்வப்போது கோப்பாக இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தளப்பெயர் (டொமைன்) வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்: நாளை சேவை நிறுவனத்தை மாற்றினாலும் வாசகர் சேமித்து வைத்த முகவரி மாறாது. கட்டுரையின் முகவரியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் 301 வழிமாற்றத்தை அமைத்துவிடுங்கள்.

வாசகர் எழுதும் கடிதங்களுக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். தொடக்க காலத்தில் எழுதும் ஒவ்வொருவருக்கும் பதில் அனுப்புங்கள். "நன்றி, தொடர்ந்து படியுங்கள்" என்ற பதில் பதிலே ஆகாது. மிதிவண்டி உதாரணத்திலேயே, "அளந்து பார்த்தேன், 12 அங்குலம்தான் வருகிறது, ஆனாலும் நழுவுகிறது" என்று ஒருவர் எழுதினால், "எந்தப் பல்சக்கரத்தில் இருக்கும்போது நழுவுகிறது, எல்லாவற்றிலுமா, ஒன்றில் மட்டுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் என்றால், அதிகம் பயன்பட்ட அந்தச் சக்கரம் மட்டும் தேய்ந்திருக்கலாம். எல்லாவற்றிலும் என்றால், கியர் கம்பியின் இழுவையையோ விறைத்துப்போன ஒரு கண்ணியையோ பார்க்கச் சொல்லலாம். அவருடைய கேள்வி கட்டுரையில் விடுபட்ட ஓர் இடத்தைக் காட்டுகிறது. அவருடைய அனுமதியோடு அதையே அடுத்த கட்டுரையாக எழுதுங்கள். தன் கேள்வியிலிருந்து ஒரு கட்டுரை பிறந்ததைப் பார்த்தவர் அந்தத் தளத்தை எளிதில் விட்டுப் போகமாட்டார்.

பிழையைச் சுட்டிக்காட்டுபவரிடமும் இப்படியே நடந்துகொள்ளுங்கள். சத்தமில்லாமல் வரியை மாற்றிவிடாமல், என்ன திருத்தப்பட்டது, எந்த நாளில் திருத்தப்பட்டது என்பதைக் கட்டுரையின் கீழே குறிப்பிடுங்கள்.

கட்டுரைகள் முப்பது நாற்பது சேர்ந்த பிறகு, புதிதாக வருபவருக்குத் தேதிவாரிப் பட்டியல் எந்த உதவியும் செய்யாது. நீங்களே சிறந்தவை என்று கருதும் ஏழெட்டுக் கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் யாருக்குப் பயன்படும் என்று ஒரு வரி சேர்த்து, தனிப் பக்கமாக வையுங்கள்.

முதல் வாசகர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. உங்களைப் போலவே எழுதும் மற்றவர்களைப் படியுங்கள். பிடித்ததை உங்கள் கட்டுரையில் பெயர் சொல்லிச் சுட்டுங்கள். அவர்களுக்கு நேராகக் கடிதம் எழுதுங்கள். உங்கள் இணைப்பை எங்கும் தூவ வேண்டிய தேவை அதன் பிறகு அதிகம் இருக்காது.

வாசகர் சேர்ந்த பிறகு விளம்பரம் தர முன்வருபவர்களும் வருவார்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு எழுதினால், அதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தாத பொருளைப் பற்றிக் கேட்டால், எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.