கையில் கட்டும் காம்பஸ்: டைவ் அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக் கடல் தெளிந்திருக்கும் நாளில் காம்பஸ் இல்லாமலே சமாளித்துவிடலாம். கலங்கிய நாளில் தண்ணீருக்கடியில் 5 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. படகின் நங்கூரக் கயிற்றுக்குத் திரும்பி வர மணிக்கட்டில் இருக்கும் காம்பஸ்தான் வழி. புதியவர்கள் அதை வாங்குவதிலும் பிடிப்பதிலும் வருஷா வருஷம் அதே தவறுகளைச் செய்கிறார்கள். வகுப்பிலேயே சொல்லித்தருகிற சின்னச் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன்.

சாய்த்துப் பார்க்காமல் வாங்குவது

ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் வெகுவாகச் சாய்கிறது. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால் நம் பக்கம் அந்தச் சாய்வு மிகக் குறைவு. அங்கே சமன் செய்த காம்பஸின் உள்ளே சுழலும் திசைத் தட்டு இங்கே ஒரு பக்கம் தாழ்ந்து உரசலாம். அதனால் கடையிலேயே சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள். சுன்டோ எஸ்கே-8 போன்ற காம்பஸ்கள் 30 டிகிரி சாய்த்தாலும் தடையில்லாமல் சுழலும். உள்ளே எண்ணெயில் பெரிய குமிழி தெரிந்தால் வாங்காதீர்கள்.

ரப்பர் ஸ்ட்ராப்

ஆழத்தில் வெட்சூட் (டைவுக்கு அணியும் இறுக்கமான ரப்பர் உடை) அழுந்தி மெலியும். படகில் இறுக்கிக் கட்டிய ஸ்ட்ராப் தொளதொளத்துவிடும். எலாஸ்டிக் கயிறு போட்டதை வாங்குங்கள்.

வாட்ச் பார்ப்பதுபோல் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு தம்பி கயிற்றைத் தேடித் திரும்பியவர், படகிலிருந்து வெகுதூரம் தள்ளி மேலே வந்தார். நீரோட்டம் அவரை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது. கீழே மற்றவர்கள் இருந்ததால் படகு நங்கூரத்தை எடுக்க முடியவில்லை. ஆரஞ்சு மிதவையைப் பிடித்தபடி அவர் காத்திருந்த நேரம் முழுக்க எங்கள் கண் அதைவிட்டு அகலவில்லை. ஏறியதும் சொன்னார்: "ஊசி அசையவே இல்லண்ணா, காம்பஸ்தான் கோளாறு."

ஊசி அசையவில்லை என்பது உண்மைதான். காம்பஸில் கோளாறு இல்லை என்பதும் உண்மை. கூட்டின் மேல் போட்டிருக்கும் திசைக்கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தத் திசையைத்தான் காம்பஸ் காட்டும். உடம்பு எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. முழங்கையைத் தொங்கவிட்டு வாட்ச் பார்ப்பதுபோல் பார்த்தால் முன்கை சரிந்துவிடும். கோடும் சேர்ந்து திரும்பும். 20 டிகிரி திரும்பினால் போதும், 60 மீட்டர் நீந்துவதற்குள் சுமார் 20 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள். 5 மீட்டர் மட்டும் தெரிகிற தண்ணீரில் கயிறு எப்படிக் கண்ணில் படும்?

வலது கையை நேர் முன்னால் நீட்டுங்கள். காம்பஸ் கட்டிய இடது கையால் வலது முழங்கையைப் பிடியுங்கள். இப்போது காம்பஸ் முகத்துக்கு நேரே நிற்கும். கோடு உங்கள் முதுகெலும்பின் நீட்சியாக இருக்கும். திரும்ப வேண்டுமானால் கையை அசைக்கக் கூடாது, உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். இதைக் கரையிலேயே பழகலாம். மணலில் செருப்பைக் கழற்றி வைத்து, காம்பஸைத் தவிர எதுவும் தெரியாதபடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முப்பது அடி நடந்து, 180 டிகிரி திரும்பி வாருங்கள். செருப்பு காலில் தட்டாதவரை தண்ணீரில் யாரையும் நான் முன்னால் போகவிடுவதில்லை.

இரும்பும் காந்தமும்

டார்ச்சும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் மற்றக் கையில். பல டார்ச்சுகளின் சுவிட்சிலேயே காந்தம் இருக்கிறது. மூழ்கிய இரும்புக் கப்பல்மேல் காம்பஸ் சொல்வதை நம்பாதீர்கள்.

இறங்கிய பிறகு திசை குறிப்பது

மேலேயே குறித்துக்கொள்ளுங்கள், படகின் எஞ்சினை விட்டுத் தள்ளி.

ஊசியிலேயே கண்ணாக இருப்பது

நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் காம்பஸ் அதைக் காட்டாது. மூக்கு மட்டும் சரியான திசையில் இருக்கும். ஊசி நிலைத்ததும் தலையைத் தூக்கி, அதே நேர்க்கோட்டில் ஒரு கல்லையோ பவளத்தையோ குறிவைத்து அதுவரை நீந்துங்கள். அங்கே போனதும் மறுபடி காம்பஸைப் பார்த்து அடுத்த கல்.