இணையம் இல்லாமலே முழு விக்கிப்பீடியா: கிவிக்ஸ் செய்முறை

2017 ஏப்ரல் 29 அன்று துருக்கியில் விக்கிப்பீடியாவை முடக்கினார்கள். அந்தத் தடை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லி, தளம் மறுபடி திறக்க 2020 ஜனவரி 15 ஆகிவிட்டது. சீனாவில் 2019 ஏப்ரல் முதல் எந்த மொழி விக்கிப்பீடியாவும் திறப்பதில்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தையே நிறுத்திவிட்டார்கள். விக்கிப்பீடியாவின் பிரதி முன்பே கையில் இருந்தால் இவற்றில் எதுவும் படிப்பதைத் தடுக்காது. தடை வந்தபின் தேடினால் கிடைக்காது, அதனால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

1. கிவிக்ஸ் செயலி

இறக்கி வைத்த விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்க உதவும் செயலிதான் கிவிக்ஸ். இலவசம், கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் உண்டு. நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை.

2. ஜிம் கோப்பு

முழுக் கலைக்களஞ்சியமும் 'ஜிம்' (ZIM) என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். கிவிக்ஸ் நூலகப் பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் விக்கிப்பீடியாவோடு விக்சனரி என்ற அகராதி போன்றவையும் வரும். கோப்பின் பெயரைக் கவனியுங்கள். 'மேக்ஸி' என்றால் படங்களோடு முழுசு. 'நோபிக்' என்றால் படம் இல்லாமல் முழுக் கட்டுரை. 'மினி' என்றால் ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னுரையும் தகவல் பெட்டியும் மட்டும்தான். மினியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடம் போதவில்லை என்றால் நோபிக் எடுங்கள். பெயரின் கடைசியில் ஆண்டும் மாதமும் இருக்கும், புதியதாகப் பார்த்து எடுங்கள்.

பதிவிறக்க பட்டனை அழுத்தினால் நேரடி இணைப்பு, டோரென்ட் என்று சில வழிகள் காட்டும். டோரென்ட் என்றாலே திருட்டுப் படம் நினைவுக்கு வரும், தெரியும். இந்த உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் நகலெடுக்கவும் பகிரவும் முழு உரிமை உண்டு. டோரென்ட் என்பது கோப்பைப் பலரின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று தானே சோதித்துக்கொள்ளும். நீங்கள் இறக்கிய துண்டு அடுத்தவருக்கும் போகும். டோரென்ட் இறக்க க்யூபிட்டாரென்ட் (qBittorrent) என்ற செயலி போதும், அதில் விளம்பரத் தொல்லை இல்லை. இறக்கி முடித்ததும் மூடிவிடாமல் கொஞ்ச நாள் ஓடவிடுங்கள்.

3. பென்டிரைவுக்கு மாற்றுவது

எனக்கு வேலை நின்றது இங்கேதான். டிரைவில் ஏகப்பட்ட இடம் காலியாக இருக்கும். ஆனாலும் 'கோப்பு மிகப் பெரியது' என்று விண்டோஸ் மறுத்துவிடும். டிரைவில் கோளாறு இல்லை. கடையில் வாங்கும் பல பென்டிரைவ்கள் 'ஃபேட் 32' அமைப்பில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டவே முடியாது, மொத்த இடம் 128 ஜிபி இருந்தாலும் இதே கதிதான். ஆங்கில மேக்ஸி கோப்பு ஒன்றே 100 ஜிபி அளவு வரும்!

டிரைவில் இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலை எல்லாவற்றையும் அழித்துவிடும். பிறகு டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்', அதில் 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் 'எக்ஸ்ஃபேட்'. 'என்டிஎஃப்எஸ்' என்றும் ஒன்று இருக்கும், ஆனால் அதைப் பல போன்கள் படிப்பதில்லை. அதனால் எக்ஸ்ஃபேட்தான் என் தேர்வு. இனி கோப்பு தடங்கலில்லாமல் ஏறும். ஏறி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே பிடுங்குங்கள்.

கிவிக்ஸ் நிறுவல் கோப்பையும் அதே டிரைவில் போட்டு வையுங்கள். வாங்கிப்போகிறவரிடம் செயலி இல்லாவிட்டால் ஜிம் கோப்பைத் திறக்க முடியாது.

4. வைஃபையில் பலருக்கும் கொடுப்பது

கணினியில் கிவிக்ஸ் மெனுவில் 'லோக்கல் கிவிக்ஸ் சர்வர்' இருக்கும். தொடங்கினால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் அந்த முகவரியை உலாவியில் அடித்தால் போதும். போனில் செயலியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போனில் திறக்கவில்லை என்றால் முதலில் வெளி இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் கிவிக்ஸுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: பென்டிரைவிலிருந்து போனுக்கு மாற்றிய கோப்பை ஆண்ட்ராய்டு கிவிக்ஸ் கண்டுகொள்ளவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ப்ளே ஸ்டோர் பதிப்புக்கு கூகுளின் கட்டுப்பாடு உண்டு, போனில் வேறு இடத்தில் இருக்கும் கோப்புகளை அந்தப் பதிப்பால் தேடி எடுக்க முடியாது. அதை நீக்கிவிட்டு, கிவிக்ஸ் தளத்திலேயே கிடைக்கும் ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல்) கோப்பை நிறுவுங்கள். அந்த ஏபிகேயும் பென்டிரைவில் ஒரு ஓரமாக இருக்கட்டும்.