வெப்பம் தாங்கும் நொதியால் ஏடிபியைச் சுழல வைப்பது எப்படி

ஏடிபி என்பது நொதி வினைகளுக்குப் பாஸ்பேட்டும் ஆற்றலும் தரும், மூன்று பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு. வினை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு ஏடிபியையும் வாங்கி ஊற்றினால், எந்தத் தயாரிப்பும் கட்டுப்படியாகாது. கொஞ்சம் போட்டு, செலவானதை அங்கேயே மீட்க வேண்டும். அதற்கு நான் எடுப்பது தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் பாலிபாஸ்பேட் கைனேஸ். ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட் ஆனதும், பாஸ்பேட்டுகள் சங்கிலியாகக் கோர்த்த, விலை குறைந்த பாலிபாஸ்பேட் உப்பிலிருந்து ஒன்றை எடுத்து இந்த நொதி ஒட்டிவிடும். உங்கள் வினை ஏடிபியை மோனோபாஸ்பேட் வரை இறக்கினால் இது போதாது. மெயோதெர்மஸ் ரூபரின் கைனேஸைப் பாருங்கள், அது இரண்டு படியும் ஏற்றும்.

கிளிசராலிலிருந்து கிளிசரால்-3-பாஸ்பேட் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஏடிபியின் பாஸ்பேட்டைக் கிளிசராலில் ஒட்டும் நொதியான கிளிசரால் கைனேஸும் வெப்பம் தாங்குவதாக இருக்கட்டும். இரண்டு நொதிகளின் மரபணுக்களையும் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து உற்பத்தி செய்து, செல்களைப் பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) கலக்கி, 70 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஈ.கோலையின் சொந்த நொதிகள், முக்கியமாக ஏடிபியை வீணாக்குபவை, பெரும்பாலும் செத்துவிடும். செல் சவ்வும் ஓட்டையாகி, ஏடிபியும் பாலிபாஸ்பேட்டும் தாராளமாக உள்ளே போய்வரும். செல்லை உடைக்க வேண்டாம், நொதியைச் சுத்திகரிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த மரபணுக்கள் இல்லாத ஈ.கோலையையும் இதே மாதிரி சுட்டு, ஏடிபி போட்டு, அது குறையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறைந்தால் இன்னும் சில நிமிடம் சுட வேண்டும்.

பஃபரில் கவனம் தேவை. ட்ரிஸ் என்ற பஃபரில், ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.028 பிஹெச் இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது 65 டிகிரியில் 6.9 பக்கம் வந்துவிடும். வினை நடக்கும் சூட்டிலேயே பிஹெச்சைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் மெக்னீசியம். வினை மந்தமானால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நொதிக்கு வேண்டிய மெக்னீசியத்தைப் பாலிபாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காக அள்ளிப் போட்டாலோ வெள்ளையாகப் படியும். 5, 10, 20, 40 மில்லிமோலார் என்று சின்னக் குழாய்களில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பாலிபாஸ்பேட்டின் அளவைச் சங்கிலிக் கணக்கில் எடுக்காமல் பாஸ்பேட் அலகுக் கணக்கில் எடுங்கள்: சோடியம் உப்பில் ஒரு மோல் அலகு சுமார் 102 கிராம், ஆகவே 50 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 5.1 கிராம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல், மெக்னீசியத்தோடு சேர்த்துத் தவணையாக விடுங்கள். குழாயை இறுக மூடாவிட்டால் நீர் ஆவியாகி எல்லா அளவும் மாறிவிடும்.

ஏடிபி இருந்தால் ஒளிரவைக்கும் மின்மினி லூசிஃபெரேஸ் நொதியால் ஏடிபியை அளப்பவர்கள் மாதிரியை நன்றாக ஆறவைத்து, நீர்க்கச் செய்த பிறகே சேர்க்க வேண்டும்; அந்த நொதி சூடு தாங்காது. கடைசியில், கிடைத்த விளைபொருளை முதலில் போட்ட ஏடிபியால் வகுங்கள். 1 மில்லிமோலார் ஏடிபிக்கு 40 மில்லிமோலார் கிளிசரால்-3-பாஸ்பேட் வந்திருந்தால், ஒவ்வொரு ஏடிபியும் சராசரியாக 40 முறை வேலை செய்திருக்கிறது. 1 பக்கத்திலேயே நின்றால் மீட்பு நடக்கவில்லை; மெக்னீசியத்திலிருந்து மறுபடி பாருங்கள்.